இரவல் போன குரல்

1989-ம் ஆண்டு இங்கிலாந்தில் மிக அதிகமாக விற்ற பாட்டு "ரைட் ஆன் டைம்". ஆறு வாரம் அது முதல் இடத்தை விட்டு இறங்கவில்லை.

தட்டில் இருந்த பெயர் "பிளாக் பாக்ஸ்" என்ற இத்தாலியக் கோஷ்டி. டெலிவிஷனில் வாயசைத்து ஆடியவர் ஓர் அழகி. ஆனால் பாடிய குரல் அவருடையது அல்ல. அது சிகாகோ நகரத்து லோலீட்டா ஹாலோவேயின் குரல்!

யார் இந்த லோலீட்டா?

1946-ம் ஆண்டு சிகாகோவில் பிறந்தவர். கறுப்பினத்துப் பெண். தாயாருடன் சேர்ந்து மாதாகோவிலில் பக்திப் பாட்டுப் பாடி வளர்ந்தார். புகழ்பெற்ற "காரவன்ஸ்" பக்திக் கோஷ்டியிலும் சில ஆண்டுகள் பாடினார். கூரை அதிரும் குரல் அங்கே பழகியதுதான். பிறகு காதல் பாட்டுக்கு வந்தார். 1975-ல் "கிரை டு மி" அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஆனால் தட்டு வெளியிட்ட கம்பெனி மூடப்பட்டுவிட்டது.

அடுத்து, நியூயார்க் "சால்சோல்" கம்பெனியின் தொடர்பு கிடைத்தது. அப்போது "டிஸ்கோ" நடனம் கொடிகட்டிப் பறந்த காலம்.

1980-ல் டான் ஹார்ட்மன் எழுதி இசையமைத்த "லவ் சென்சேஷன்" பாட்டை லோலீட்டா பாடினார். ஹார்ட்மன் லேசில் திருப்தி அடைகிறவர் அல்ல. ஏறக்குறைய 30 தடவை பாட வைத்தாராம். தொண்டை கட்டிவிட்டது. காப்பியில் விக்ஸ் கலந்து குடித்துவிட்டுப் பாடி முடித்ததாக லோலீட்டாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பாட்டு அமெரிக்க நடனப் பாட்டுப் பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்தது. அந்தப் பட்டியல் கடை விற்பனையைப் பார்த்துப் போட்டது அல்ல. நடன விடுதிகளில் எது ஓடுகிறது என்று தட்டுப் போடுகிறவர்கள் சொன்னதை வைத்துப் போட்டது.

டிஸ்கோ ஓய்ந்தது. லோலீட்டாவின் ஊரான சிகாகோவிலேயே "ஹவுஸ்" என்ற புது இசை பிறந்தது. "வேர்ஹவுஸ்" என்ற நடன விடுதியின் பெயரே சுருங்கி "ஹவுஸ்" ஆயிற்று என்பார்கள். மேளம் அடிக்க ஆள் வேண்டாம், எந்திரம் அடிக்கும். பாட ஆள் வேண்டுமே? பழைய தட்டிலிருந்து குரலைத் துண்டாக வெட்டி எடுத்து ஒட்டினார்கள்.

அப்படி வெட்டுப்பட்டதுதான் "லவ் சென்சேஷன்".

சினிமாவில் பின்னணி பாடுவது உலகம் அறிந்த தொழில். பாடியவருக்குச் சம்பளம் உண்டு. பெயரும் உண்டு. இங்கே லோலீட்டாவின் பெயர் தட்டிலும் இல்லை, திரையிலும் இல்லை. கோஷ்டிக்குப் பணம் கொட்டியது. 30 தடவை தொண்டை நோகப் பாடியவர் வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று. இதைத் திருட்டு என்று சொன்னால் தப்பில்லை.

லோலீட்டா சும்மா இருக்கவில்லை. வக்கீல்களை நாடினார். விவகாரம் சமரசத்தில் முடிந்து பணம் கிடைத்தது. கோஷ்டியார் வேறொரு பாடகியைக் கொண்டு அதே பாட்டை மீண்டும் பதிவு செய்தார்கள். ஆனால் ஜனங்கள் மனதில் நின்றது பழைய குரல்தான்.

1991-ல் அதே "லவ் சென்சேஷன்" துண்டை வைத்து மார்க்கி மார்க் கோஷ்டியார் "குட் வைப்ரேஷன்ஸ்" பாட்டை வெளியிட்டார்கள். இந்தத் தடவை தட்டில் லோலீட்டாவின் பெயர் இருந்தது. படத்திலும் அவரே தோன்றிப் பாடினார். அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் அந்தப் பாட்டு முதல் இடத்துக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 44.

2011-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி, 64-வது வயதில் லோலீட்டா காலமானார்.