வரைபடத்தைத் தின்ற ஆடு. வழி தெரியாமல் கரீபியன் தீவுகளுக்குச் சென்ற மாலுமி ஜோஷுவா ஸ்லோகம்

உலகைத் தனியொருவராகப் பாய்மரப் படகில் சுற்றி வந்த முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோகம். பயணத்தின் இறுதிக் கட்டத்தில், 1898ஆம் ஆண்டு மே மாதம், அவர் கரீபியன் கடலுக்குள் நுழைந்தபோது கையில் அந்தக் கடலின் வரைபடம் இல்லை. அதை ஓர் ஆடு தின்றுவிட்டது.

தென் அட்லாண்டிக்கில் உள்ள செயின்ட் ஹெலினா தீவில் அமெரிக்கர் ஒருவர் அந்த ஆட்டை அவருக்குப் பரிசாக அளித்திருந்தார். தனிமைப் பயணத்தில் நாயைப் போலத் துணையாக இருக்கும் என்பது கொடுத்தவரின் எண்ணம். ஆனால், எந்தக் கயிற்றாலும் அதைக் கட்டி வைக்க முடியவில்லை. மேற்கிந்தியத் தீவுகளுக்கான கடல் வரைபடத்தைத் தின்று முடித்த ஆடு, அடுத்து ஸ்லோகத்தின் வைக்கோல் தொப்பியையும் விட்டுவைக்கவில்லை. அசென்ஷன் தீவில் அதைக் கரையிறக்கிவிட்டு அவர் பயணத்தைத் தொடர்ந்தார். தொப்பி இல்லாமல் சமாளிக்கலாம். பவளப்பாறைகள் நிறைந்த கடலில் வரைபடம் இல்லாமல் சமாளிப்பது வேறு விஷயம்.

கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் 1844ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதி பிறந்தவர் ஸ்லோகம். தந்தை காலணி தைக்கும் கடை நடத்தினார். அந்தத் தொழில் பிடிக்காமல் 14 வயதில் மீன்பிடிக் கப்பலில் சமையல்காரராக ஓடிப்போனார். தாய் இறந்த பின் 16 வயதில் நிரந்தரமாகவே கடலுக்குச் சென்றார். படிப்படியாக உயர்ந்து, அமெரிக்கக் குடியுரிமை பெற்று, பெரும் பாய்மரக் கப்பல்களின் தலைவரானார். 1871இல் சிட்னியில் வர்ஜீனியா வாக்கரை மணந்தார். அவர்களுடைய இல்லறம் முழுவதும் கப்பலிலேயே நடந்தது. குழந்தைகளும் கடற்பயணங்களிலேயே வளர்ந்தனர்.

1884இல் பியூனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் அக்விட்னெக் கப்பலில் இருந்தபோது வர்ஜீனியா காலமானார். ஸ்லோகத்தின் வாழ்க்கை அதன்பின் சரியத் தொடங்கியது. 1886இல் உறவினரான ஹென்ரியெட்டாவை மறுமணம் செய்தார். அடுத்த ஆண்டே பிரேசில் கரையோரம் அக்விட்னெக் தரைதட்டி உடைந்தது. கையில் பணமில்லை, ஊர் திரும்ப வழியுமில்லை. உடைந்த கப்பலில் மிஞ்சிய பொருட்களைக் கொண்டு 35 அடி நீளப் படகு ஒன்றைக் கட்டினார். பிரேசிலில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட 1888 மே 13 அன்று அது நீரில் இறக்கப்பட்டதால், விடுதலை என்று பொருள்படும் லிபர்டாடே என்ற பெயரைச் சூட்டினார். மனைவியையும் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, பார்படோஸ் வழியாக 5,000 மைலுக்கும் அதிகமான தொலைவைக் கடந்து அமெரிக்கா சேர்ந்தார்.

அதற்குள் உலகம் நீராவிக் கப்பல்களின் காலத்துக்கு மாறியிருந்தது. பாய்மரக் கப்பல் தலைவர்களுக்கு வேலை இல்லை. 1892இல் நண்பரான ஈபன் பியர்ஸ், பழுதுபார்க்க வேண்டிய கப்பல் ஒன்று இருப்பதாகக் கூறி அவரை அழைத்தார். மாசசூசெட்ஸின் ஃபேர்ஹேவனில் ஸ்லோகம் கண்டது, மேய்ச்சல் நிலத்தில் முட்டுக் கொடுத்து நிறுத்தப்பட்டிருந்த, மட்கிப்போன பழைய சிப்பிப் படகு. ஏறத்தாழ கேலிப் பரிசுதான். ஸ்லோகம் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அருகில் வளர்ந்த ஓக் மரத்தை வெட்டி, 13 மாதங்கள் தன் கையால் உழைத்து, 553 டாலர் செலவில் முழுப் படகையும் புதிதாக்கினார். ஸ்பிரே என்ற பெயர் மட்டும் பழையது. நீளம் 37 அடிக்குச் சற்றுக் குறைவு.

1895 ஏப்ரல் 24 அன்று, 51 வயதில், பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். அவருக்கு நீந்தத் தெரியாது. துல்லியமான கடற்கடிகாரத்துக்குச் செலவிட வசதி இல்லாததால், முகப்புக் கண்ணாடி உடைந்த தகரக் கடிகாரம் ஒன்றை ஒரு டாலருக்கு வாங்கி வைத்துக்கொண்டார். பின்னாளில் அதன் நிமிட முள்ளும் போய்விட்டது. ஓடாதபோது வெந்நீரில் கொதிக்க வைத்து ஓடச் செய்தார். ஜிப்ரால்டர், மெகல்லன் நீரிணை, சமோவா, ஆஸ்திரேலியா, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா எனச் சுற்றி, மூன்றாண்டுகளுக்குப் பின் அட்லாண்டிக் வழியாக வடக்கு நோக்கித் திரும்பினார். வழியில் ஓரிகான் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைச் சந்தித்தபோதுதான் ஸ்பெயினுடன் போர் மூண்டிருப்பது அவருக்கு உறுதியானது.

மே 20 அன்று மாலையில் டொபாகோ தீவு தெரிந்தது. அன்றிரவு, படகுக்கு நேர் முன்னே அலைகள் உடைந்து வெள்ளையாக மின்னுவதைக் கண்டு திடுக்கிட்டார். பாறைகளில் மோதும் அலைகள் என்றே முடிவு செய்தார். நீரோட்டம் படகை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதும் தெரியவில்லை. பாயைத் திருப்பிக் கடற்பக்கம் விலகினார். மீண்டும் அதே வெண்ணிற மின்னல். வரைபடத்தைத் தின்ற ஆட்டைச் சபித்தபடி நெடுநேரம் போராடினார். கடைசியில், உயர்ந்த அலை ஒன்று படகைத் தூக்கியபோது உண்மை புரிந்தது. சுமார் 30 மைல் தொலைவில், டிரினிடாட் தீவின் சுழலும் கலங்கரை விளக்கம் வீசிய ஒளியே அலைகளின் மேல் தெறித்துக்கொண்டிருந்தது. பாறை எதுவும் அங்கு இல்லை. உலகின் மிக மோசமான கடற்பகுதிகளில் ஒன்றைக் கடந்து வந்தவர், ஒரு விளக்கின் வெளிச்சத்துக்கு அஞ்சி இரவைக் கழித்திருக்கிறார்.

மே 22 நள்ளிரவில் கிரெனடாவின் செயின்ட் ஜார்ஜ் நகருக்கு வெளியே நங்கூரமிட்டார். மொரீஷியஸில் ஒப்படைக்கப்பட்ட கடிதங்களை அங்கு சேர்ப்பித்தார். ஆனால், கிரெனடாவில் வரைபடம் கிடைக்கவில்லை. 30ஆம் தேதி டொமினிகாவின் ரோசோ நகரை அடைந்தவர், அறியாமல் தொற்றுநோய்த் தடுப்புக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் நங்கூரம் பாய்ச்சிவிட்டார். துறைமுக அலுவலர் வந்து அபராதம் விதிப்பதாக எச்சரித்தார். வரைபடம் கிடைத்தால் உடனே போய்விடுவதாக ஸ்லோகம் கூற, முதலில் இடம் மாறினால்தான் எதுவும் கிடைக்கும் என்று அவர் மறுத்துவிட்டார். அங்கும் வரைபடம் கிடைக்கவில்லை.

ஜூன் 1 அன்று ஆன்டிகுவா சேர்ந்தபோது நிலைமை மாறியது. ஆளுநரும் அவர் மனைவியும் அவரை அன்புடன் வரவேற்றனர். தம் பயணத்தைப் பற்றி அவர் அங்கு உரையாற்றினார். ஜூன் 5 அன்று புறப்பட்டு, 27ஆம் தேதி அதிகாலையில், போருக்காகக் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்த நியூபோர்ட் துறைமுகத்துக்குள் பாறைகளை ஒட்டிக்கொண்டே நுழைந்தார். மொத்தம் 46,000 மைல். இந்தியர் ஒருவர் இதே சாதனையைத் தனியாக நிகழ்த்த 2010ஆம் ஆண்டு ஆனது. கடற்படை அதிகாரி திலீப் தோண்டேயின் கையில் செயற்கைக்கோள் கருவிகள் இருந்தன என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

பயணம் குறித்த நூல் 1900இல் வெளியாகி அவருக்குப் புகழைத் தந்தது. மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் பண்ணை வாங்கினார். ஆயினும் நிலத்தில் கால் ஊன்றவில்லை. 1905ஆம் ஆண்டு முதல் குளிர்காலங்களில், தம்மை அலைக்கழித்த அதே கரீபியன் கடலுக்கே ஸ்பிரேயில் தனியாகச் செல்லத் தொடங்கினார். ஜமைக்காவிலும் கேமன் தீவுகளிலும் தங்கி, சங்குகளையும் சிப்பிகளையும் கொண்டுவந்து விற்றார். 1906இல் அப்படித் திரும்பிய வேளையில் நியூஜெர்சியில் ஒரு சிறுமி அளித்த புகாரின் பேரில் கைதாகி 42 நாட்கள் சிறையில் இருந்தார் என்பதையும் மறைப்பதற்கில்லை. விடுதலையான பின், தீவுகளிலிருந்து கொண்டுவந்த ஆர்க்கிட் செடியை அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் நேரில் அளித்தார்.

படகும் மனிதரும் சேர்ந்தே முதுமையடைந்தனர். பிந்தைய ஆண்டுகளில் ஸ்பிரேயைப் பார்த்தவர்கள் அதன் கயிறுகள் நைந்து, பராமரிப்பின்றி இருந்ததைக் கவனித்தனர். 1909 நவம்பர் 14 அன்று, 65 வயதில், மேற்கிந்தியத் தீவுகளை நோக்கி அவர் மீண்டும் புறப்பட்டார். அங்கிருந்து தென் அமெரிக்காவின் ஓரினோகோ ஆற்றுக்குள் செல்வதும் அவருடைய திட்டம். அதன்பின் ஸ்பிரேயை யாரும் காணவில்லை. இரவில் நீராவிக் கப்பல் ஏதேனும் மோதியிருக்கலாம் என்பது மகன் விக்டரின் கருத்து. படகின் ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. 1924இல் அவர் சட்டப்படி இறந்தவராக அறிவிக்கப்பட்டார். இறந்த நாளாகக் குறிக்கப்பட்டது, அவர் கடைசியாகக் கரையை விட்டுக் கிளம்பிய நாள்.