குரலைப் பதித்த வணிகர்

திண்டுக்கல்லிலிருந்து கிழக்கே நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் என்று ஊர்களைக் கடந்து செல்லும் சாலை காரைக்குடியில் போய்ச் சேர்கிறது. மலைக்கோட்டையின் நிழலில் கூடிக் கவிதை படிக்கும் நம் வட்டத்தார்க்கு அச்சாலை புதியதன்று; கம்பன் விழாவின் பொருட்டு அவ்வழியே சென்று வந்தவர் நம்முள் பலர். அக்காரைக்குடியில் 28.7.1907 அன்று பிறந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரைத் திரைப்பட முதலாளி என்றே உலகம் அறியும். அவர் படம் பிடிக்கத் தொடங்குமுன் குரல் பிடித்தவர் என்பதும், ஒலிப்பதிவு என்னும் தொழிலைப் பள்ளியில் பயிலாமல் கடை மேசையின் பின் நின்று பயின்றவர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பாட்டெழுதுவோர் கூட்டம் கருதிப் பார்க்க வேண்டிய செய்தி அவ்வாழ்வின் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஆதலால் பிற்காலத்து வெற்றிப் படங்களின் வரிசையை இங்கே விட்டுவிடுகிறேன்.

தந்தையார் ஆவிச்சிச் செட்டியார் காரைக்குடியில் ஏ.வி. அண்டு சன்ஸ் என்னும் பெயரில் கடை நடத்தி வந்தார். அக்கடையில் விற்ற பல பொருள்களுள் கிராமபோன் தட்டும் ஒன்று. இளமையிலேயே கடைக்கு வந்துவிட்ட மெய்யப்பனார் வாங்குவோரின் முகத்தைப் படிக்கக் கற்றார். எந்தத் தட்டைக் கேட்டு வருகிறார்கள், எதைப் போட்டுக் கேட்டுவிட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பதை நாள்தோறும் காணும் வாய்ப்பு கடைக்காரனுக்கு உண்டு, பாடகனுக்கு இல்லை. பாடகன் அரங்கின் கைதட்டலைக் கேட்பவன். தட்டுக் கடைக்காரனோ, கைதட்டல் ஓய்ந்தபின் தன் வீட்டுத் திண்ணையில் மறுமுறையும் கேட்க விரும்பிக் காசு கொடுப்பவனைக் காண்பவன். இவ்விரண்டு செவிகளும் வேறு வேறு. மெய்யப்பனாருக்கு வாய்த்தது இரண்டாவது செவி. பிறர் பதித்த தட்டை விற்பதைவிடத் தாமே பதிப்பித்து விற்பது மேல் என்ற எண்ணம் அதிலிருந்து எழுந்தது.

முப்பதுகளின் தொடக்கத்தில் கே.பி. வரதாச்சாரி, சுப்பையா செட்டியார் முதலிய நண்பர்களோடு சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜெர்மானிய நிறுவனமான ஓடியனின் இசைத்தட்டுகள் அதன் வழியே தென்னாட்டில் வெளிவந்தன. எந்தக் கலைஞரைப் பாட வைப்பது, எந்தப் பாட்டை எடுப்பது, அதில் எவ்வளவை எடுப்பது என்னும் தேர்வுகள்தாம் அத்தொழிலின் உயிர்.

எவ்வளவை என்பது சிறிய கேள்வியன்று. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக மட்டும் ஓடும். நாடக மேடையில் விருத்தம் பாடி, ஆலாபனை செய்து, ரசிகர் மறுமுறை கேட்க மீண்டும் பாடி, கால்மணி நேரம் நீண்ட பாட்டை அந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்க வேண்டும். எந்தச் சரணத்தை விடுவது? எந்த வரியை ஒரே முறை பாடுவது? ஆக, பாட்டைக் கத்தரிக்கும் வேலை பாடகர் வந்து நிற்பதற்கு முன்பே தாளிலும் ஒத்திகையிலும் நடந்து முடிந்திருக்க வேண்டும். யாப்பின் கட்டுப்பாட்டைப் பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். மூன்று நிமிடத் தட்டும் ஒரு யாப்பாகவே இருந்து ஒரு தலைமுறையின் தமிழ்ப் பாட்டை வடிவமைத்தது. இதனை நம் இலக்கண நூலார் யாரும் இன்னும் ஆராயாதது வியப்பே.

பதிவு செய்யும் முறையும் இரக்கமற்றது. ஒலிவாங்கி பெற்ற ஒலி, சுழலும் தடித்த மெழுகுத் தட்டின்மேல் ஊசியால் கீறப்படும். அந்த மெழுகிலிருந்து உலோக அச்சு எடுத்து, அதனைக்கொண்டு அரக்குக் கலவையில் தட்டுகளை அழுத்தி எடுப்பார்கள். மெழுகில் வெட்டி ஒட்டுவதற்கு இடமில்லை. கடைசி வரியில் மிருதங்கம் ஒரு தட்டுப் பிசகினாலும், பாடகர் இருமிவிட்டாலும் மெழுகைச் சீவிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மேலும் அக்காலத்து நாடகப் பாடகர்கள் ஒலிபெருக்கி இல்லாக் கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டும்படி பாடிப் பழகியவர்கள். அத்தகைய தொண்டையை ஒலிவாங்கியிலிருந்து எத்தனை அடி தள்ளி நிறுத்துவது, பிடிலை எவ்வளவு அருகில் அமர்த்துவது, மிருதங்கத்தை எவ்வளவு பின்னே வைப்பது என்பனவெல்லாம் பதிவறையில் முன்கூட்டி முடிவு செய்யப்பட வேண்டியவை. இன்று நம் கவியரங்குகளைக் கைபேசியில் பதிகிறோம்; மின்விசிறியின் இரைச்சலும் தேநீர்க் குவளையின் ஓசையும் கவிஞரின் குரலைவிடத் தெளிவாகக் கேட்கின்றன. கருவி எளிதானதும் திட்டம் வேண்டாம் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம் போலும்.

1931இல் ஆலம் ஆராவும் காளிதாஸும் வெளிவந்து படங்கள் பேசத் தொடங்கின. தென்னாட்டில் பேசும்பட நிலையம் இல்லாத காலம் அது. தமிழ்க் கலைஞர்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறினார்கள். 1934இல் ஏ. நாராயணன் சென்னையில் சீனிவாசா சினிடோனைத் தொடங்கினார். அங்கே ஒலிப்பதிவுப் பொறுப்பை ஏற்றவர் அவருடைய மனைவியார் மீனா நாராயணன். இந்தியத் திரையுலகின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று சொல்லத்தக்க அவ்வம்மையாரின் பெயர் நம் பாடநூல்களில் இல்லை. அதனை இவ்விடத்தில் பதிந்துவிட்டு மேலே செல்கிறேன்.

மெய்யப்பனாரும் சரஸ்வதி சவுண்டு புரொடக்‌ஷன்ஸ் என்னும் பெயரில் படத் தொழிலில் இறங்கினார். பெயரிலேயே ஒலி முன்னிற்பதைக் காண்க. 1935இல் கல்கத்தாவில் எடுத்த அல்லி அர்ஜுனா தோல்வி கண்டது. அடுத்து வந்த ரத்னாவளியும் அவ்வாறே. தட்டில் கற்ற பாடம் படத்துக்குப் போதவில்லை. தட்டில் பாடகர் பாடினால் போதும். படத்திலோ பாடவும் நடிக்கவும் ஒருவரே வேண்டும் என்பது அந்நாளைய நியதி. ஒலிவாங்கியை மறைத்துவைத்து, பக்க வாத்தியக்காரரைக் காட்சிக்கு வெளியே அமர்த்தி, நடிகர் நடித்துக்கொண்டே பாட, இரண்டும் ஒருங்கே பதிவாகும். குரல் வளமுள்ளவர்க்கு முகப்பொலிவு இராது. முகப்பொலிவு உள்ளவர்க்குச் சுருதி நிற்காது.

இம்முடிச்சை முதலில் அவிழ்த்தது கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ். 1935இல் நிதின் போஸ் இயக்கிய பாக்ய சக்ரா என்னும் வங்கப் படத்திலும் அதன் இந்தி வடிவத்திலும் பாட்டைத் தனியே பதிந்துகொண்டு, அதற்கேற்ப நடிகரை வாயசைக்கச் செய்தார்கள். தமிழில் அம்முறையைக் கைக்கொண்டது மெய்யப்பனாரின் பிரகதி நிறுவனம் 1938இல் எடுத்த நந்தகுமார். டி.ஆர். மகாலிங்கம் சிறுவனாக அறிமுகமான படம் அது. அதில் ஒரு நடிகைக்குக் குரல் கொடுத்தவர் லலிதா வெங்கட்ராமன். திரைக்குப் பின்னிருந்து பாடிய பிற்காலப் பாடகர்களின் பெயர்களைத் தமிழுலகம் மனப்பாடமாக ஒப்பிக்கிறது; வழி திறந்த இவ்வம்மையாரை நினைப்பவர் சிலரே.

குரலை உடலிலிருந்து பிரிக்கலாம் என்று கண்டபின் அவர் அடுத்தடுத்துத் துணிந்தார். கன்னடத்தில் எடுத்த அரிச்சந்திரனை 1944இல் தமிழ் பேசச் செய்து வெளியிட்டார். தமிழில் மொழிமாற்றுப் படம் என்பதற்கு அதுவே தொடக்கம். இவ்வேலையில் சொல்லாசிரியனுக்குள்ள இக்கட்டைக் கவிஞர்கள் எளிதில் உணர்வார்கள். திரையில் இதழ் குவியும் இடத்தில் பகர மகரங்கள் விழ வேண்டும், வாய் திறந்து நிற்கும் இடத்தில் நெட்டுயிர் வேண்டும், பொருளும் கெடக்கூடாது. எதுகை மோனையைவிடக் கடுமையான தொடை இது.

1945இல் வந்த ஸ்ரீவள்ளி இன்னும் ஒரு படி மேலே சென்றது. வள்ளி திருமணம் நம் பகுதிக்கு அயலான கதையன்று. பழனி மலையை எட்டத்திலிருந்தே கண்டு கும்பிடும் இச்சமவெளி மக்கள், திருவிழா இரவுகளில் வள்ளியின் ஆலோலத்தையும் வேலன் விருத்தன் தர்க்கத்தையும் விடிய விடிய இருந்து கேட்டவர்கள். இத்தகைய செவிகளுக்கு முன் வள்ளி வேடத்தின் பாட்டுப் பிசகினால் தப்ப முடியாது. முருகனாக நடித்த மகாலிங்கத்தின் குரல் ஓங்கி நிற்க, வள்ளியாக நடித்த ருக்மிணியின் பாட்டு அதற்கு ஈடாகவில்லை என்று மெய்யப்பனாருக்குத் தோன்றியது. படம் எடுத்து முடிந்த பிறகு, பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, முன்பிருந்த குரலை நீக்கி இக்குரலைப் பொருத்தினார். படம் பெருவெற்றி அடைந்தது. தொழில் நோக்கில் அவர் செய்தது சரியே. கேட்பவன் மறுமுறை கேட்பானா என்ற கடைக்காரச் செவியின் தீர்ப்பு அது. ஆயினும் தன் வாய் அசைய வேறொருவர் குரல் வருவதைத் திரையில் காணும் ஒரு பெண்ணின் நிலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னர் வழக்கமாகிவிட்ட ஒன்று, முதன்முதல் நிகழும்போது யாரையேனும் சுடாமல் இராது.

1945 அக்டோபரில் ஏ.வி.எம். நிறுவனம் பிறந்தது. சென்னையில் மின்சாரத் தட்டுப்பாடு இருந்தமையால் அதனைத் தம் ஊருக்கே கொண்டுவந்து, தேவகோட்டைச் சாலையில் எளிய கொட்டகைகளில் நடத்தினார். அங்கே உருவாகி 1947 சனவரியில் வெளிவந்தது நாம் இருவர். விடுதலைக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. ப. நீலகண்டனின் நாடகத்தைத் தழுவிய அப்படத்தில் பாரதியின் பாடல்களை டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடினார். பட்டம்மாள் தெய்வப்பாடலும் தேசியப்பாடலும் அல்லாதவற்றைத் திரைக்குப் பாட இசையாதவர் என்பதை அறிந்தால், இத்தேர்வு எவ்வளவு கருதிச் செய்யப்பட்டது என்பது விளங்கும்.

இங்கேதான் நம் போன்றோர்க்கு உரிய கேள்வி எழுகிறது. பாரதி 1921இல் மறைந்தார். அவர் தாமே பாடிய பாட்டு ஒன்றும் தட்டில் பதிந்து நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் பாடல்களைத் தட்டில் பதிக்கும் உரிமை மட்டும் 1934இலேயே சென்னைச் சுராஜ்மல் நிறுவனத்து ஜேசிங்லால் மேத்தா என்னும் வணிகருக்கு விற்கப்பட்டிருந்தது. நூலாக அச்சிடும் உரிமை ஒரு கையில், குரலாகப் பதிக்கும் உரிமை இன்னொரு கையில்! கவிஞன் எழுதும்போது ஒன்றாயிருந்த பாட்டு, கருவி வந்தபின் இரண்டு சொத்தாகிவிட்டது. தட்டு வணிகத்தில் வளர்ந்த மெய்யப்பனாருக்கு இதன் பொருள் உடனே விளங்கியிருக்க வேண்டும். பாடகரும் பதிவறையும் ஆயத்தமாயிருந்தும் உரிமை இல்லையேல் பதிவு இல்லை. மேத்தாவிடமிருந்து அவ்வுரிமையை விலைக்கு வாங்கினார்.

வாங்கிய பொருளைக் காப்பதும் வணிகன் இயல்பு. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் பில்ஹணன் படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது, மெய்யப்பனார் தம் உரிமையை நிலைநாட்டச் சட்டத்தின் துணையை நாடினார். தமிழ்நாடு கொதித்தது. பாரதி யாருக்கும் தனிச்சொத்தல்லர் என்று எழுத்தாளர்கள் எழுந்தார்கள். வ.ரா., நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம், தி.க. சண்முகம் முதலியோர் முன்னின்ற பாரதி விடுதலைக் கிளர்ச்சி அவ்வாண்டின் பெருநிகழ்ச்சி. குழுவாகச் சென்று செல்லம்மா பாரதியையும் கண்டு வந்தார்கள். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான அரசு 1949இல் உரிமைகளைத் தன் கைக்கொள்ள முன்வந்தபோது, மெய்யப்பனார் தாம் விலை கொடுத்து வாங்கியிருந்த ஒலிப்பதிவு உரிமையைப் பணம் ஏதும் பெறாமல் அரசுக்கு அளித்தார்.

இதனை வள்ளன்மை என்று புகழ்வோர் உளர். எதிர்ப்புக்கு அஞ்சிய பின்வாங்கல் என்போரும் உளர். இரண்டையும் முழுதாக ஏற்க என் மனம் இசையவில்லை. உரிமை கோரி வழக்காடியதும் அவரே, ஊதியமின்றி விட்டுக்கொடுத்ததும் அவரே. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது வரலாறாகாது. அவர் வாங்கியிராவிட்டால் அவ்வுரிமை வேறொரு வணிகரிடமே கிடந்திருக்கும். அவர் எடுத்த படத்தால் பாரதியின் பாட்டு, புத்தகம் எட்டாத சிற்றூர்களின் கூடாரக் கொட்டகைகளிலும் ஒலித்தது. இதுவும் உண்மை. ஆனால் எந்தப் பாடகர், எந்தப் பாட்டு, யாருடைய தட்டு என்பதை இறந்துபோன கவிஞனுக்காக இரண்டு வணிகர்கள் மாறிமாறித் தீர்மானிக்கும் நிலை பதினைந்து ஆண்டுகள் நீடித்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. தம் கவிதைகளைப் பதிவுக்குக் கொடுக்கும் இன்றைய கவிஞர்கள் ஒப்பந்தத் தாளில் கையெழுத்திடுமுன் இவ்வரலாற்றை ஒருமுறை படித்துவிடுவது நன்று.

1948இல் நிலையம் கோடம்பாக்கத்துக்குப் பெயர்ந்தது. அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் படத் தொழிலை நடத்தி, 12.8.1979 அன்று மெய்யப்பனார் மறைந்தார். இடையில் 1961இல் பி.ஆர். பந்துலு கப்பலோட்டிய தமிழன் படத்தை எடுத்தார். பாரதியின் பாடல்கள் நிறைந்த அப்படத்துக்கு இசையமைத்தவர் ஜி. ராமநாதன். அப்பாடல்களைப் பதிவு செய்வதற்காக அவர்கள் எந்த வணிகரின் வாயிலிலும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை.