ஹேபியர் அடிகளார்: திரும்பி வராத பயிற்றுநர்

வாவியின் இரு கரைகளிலும் காணாமல் போனவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் அமெரிக்கர், அருட்தந்தை யூஜின் ஜோன் ஹேபியர். நான் பிறந்த 1990ஆம் ஆண்டில்தான் அவர் காணாமல் போனார். அவரை நான் கண்டதில்லை. ஆனால் கிழக்கின் பழைய கூடைப்பந்து வீரர்கள் யாரோடு கதைத்தாலும், கதை கடைசியில் அவரிடமே போய் நிற்கும்.

1923இல் லூசியானா மாநிலத்தின் ஜெனிங்ஸ் நகரில் பிறந்தவர். இயேசு சபையில் இணைந்து 1948இல் இலங்கைக்கு வந்தார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியில் நீண்ட காலம் கூடைப்பந்து பயிற்றுவித்தார்.

வெள்ளைக்காரர் கொண்டுவந்த புல்தரை ரென்னிஸுக்கு வெட்டிப் பராமரித்த புல்லும், கழக அங்கத்துவமும், சொந்தமாக ஒரு மட்டையும் வேண்டும். கூடைப்பந்து அப்படியல்ல. 1891இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடைகளை மாட்டித் தொடங்கிய விளையாட்டு அது. இறுகிய தரை, இரண்டு வளையம், ஒரு பந்து இருந்தால் பத்துப் பிள்ளைகள் விளையாடலாம். வசதி குறைந்த பிள்ளைக்கும் அதில் இடமுண்டு.

பின்னாளில் மட்டக்களப்புக்கு வந்து, இளைஞர்களுக்குத் தொழில் கற்பிக்கும் கிழக்குத் தொழில்நுட்ப நிலையத்தில் பணியாற்றினார். போர் மூண்டபோது ஊரைவிட்டுப் போகவில்லை. சமாதானக் குழுவில் சேர்ந்து, பாதிக்கப்பட்ட மக்களுக்காக உழைத்தார்.

1990 ஓகஸ்ட் கொடிய மாதம். 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூரில் முஸ்லிம் குடும்பங்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டன. பழிவாங்கலில் தமிழர்களும் பலியானார்கள். அந்த நிலைமையில் வாழைச்சேனையில் சிக்கியிருந்த அருட்சகோதரிகளைப் பாதுகாப்பாக வெளியேற்ற உதவப் போனார். 15ஆம் திகதி ஏறாவூர் வழியாக மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் திரும்பினார். அவரும் வரவில்லை, கூடச் சென்ற தமிழ் இளைஞரும் வரவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை.

இன்று உயிரோடிருந்தால் நூறு வயதைக் கடந்திருப்பார். இறந்துவிட்டார் என்றே ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது. யார், எங்கே, எப்படி என்பதற்கு மட்டும் விடையில்லை. வல்லரசு நாட்டின் குடிமகனுக்கே இந்தக் கதி என்றால், பிள்ளையின் படத்தை ஏந்தி வீதியோரம் அமர்ந்திருக்கும் நம் தாய்மாரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. அவரை நினைக்கும்போது கூடச் சென்ற அந்த இளைஞரையும் நினைப்போம். இருவருக்கும் உரிய பதிலை இந்த அரசு இன்னும் தரவில்லை.