ஊசி இல்லாத கரண்ட்

பிசியோதெரபில தோல்மேல பேடு ஒட்டி, மெல்லிசா விர்ருனு கரண்ட் விடுவாங்களே, பார்த்திருக்கீங்களா? அதற்கு வழி போட்டவர்களில் ஒருவர் பிரெஞ்சு மருத்துவர் குய்யோம் டுஷேன்.

1806-ல் பூலோன் துறைமுகத்தில், கடலோடிகள் குடும்பத்தில் பிறந்தார். பிரசவத்துக்குப் பின் மனைவி இறந்துபோக, மகனும் உறவினரிடம் வளர்ந்தான்.

அப்போ மூட்டுவலின்னா உடம்புல ஊசி குத்தி, அது வழியா கரண்ட் கொடுப்பாங்க. வலிக்கு மருந்தே வலி! டுஷேனும் 1835-ல் ஊசியோடுதான் தொடங்கினார். பிறகு அதைத் தூக்கிப் போட்டுட்டு, மின்முனைகளைத் தோல்மேலேயே வைத்தார். சோர்ஸ், நம்ம லேப்ல இருக்கிற இண்டக்‌ஷன் காயில்தான். காய்ந்த தோலுக்கு ரெசிஸ்டன்ஸ் அதிகம். கரண்ட் மேலோட்டமா சுருக்குனு குத்தும். மின்முனையை ஈரமாக்கினா உள்ளே இறங்கி, வேண்டிய தசையை மட்டும் சுருக்கும். இவ்வளவுதான் ட்ரிக். ஆனா இதைக் கவனிச்சதுலதான் மனுஷன் நிக்கிறார்.

1842-ல் பாரிஸ் வந்தவருக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் பதவி இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வார்டு வார்டாக அலைந்தார். பலர் கேலி செய்தார்கள். நரம்பியல் மேதை சார்கோ மட்டும் அவரைக் குருவாகவே மதித்தார். 1855-ல் புத்தகம் வந்தது. பிரிந்த மகனும் டாக்டராகி அப்பாவோடு சேர்ந்தார், ஆனால் அப்பாவுக்கு முன்பே இறந்துவிட்டார். 1875-ல் டுஷேனும் போனார்.