திங்களில் நின்று நோக்கிய கெப்ளர்

முழுமதி நாளில் வானை நோக்கி மகிழாதார் இலர். அம்மதியில் நின்று நம் உலகை நோக்கின் அஃது எவ்வாறு தோன்றும்? இவ்வினாவை இளமையிலேயே எழுப்பி, இறுதிவரை அதனைக் கைவிடாதிருந்த பேரறிஞர் யோகான் கெப்ளர் ஆவார்.

கெப்ளர் செருமனியின் தென்பகுதியிலுள்ள வைல் என்னும் சிறு நகரில் 1571ஆம் ஆண்டு திசம்பர் 27ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கூலிக்குப் போர்புரியும் வீரர். குடும்பத்தைத் துறந்து சென்றவர் மீளவில்லை. அன்னையார் கதரீனா பச்சிலை மருந்துகளை நன்கறிந்தவர். இளமையிற் கண்ட பெரியம்மை கெப்ளரின் கண்ணொளியைக் குறைத்தது. விண்ணை ஆராயப் பிறந்தவர்க்குப் பார்வை மங்கியது விந்தையே. 1577ஆம் ஆண்டில் வால்மீன் ஒன்று தோன்றியபோது அன்னையார் மகனை மேட்டிடத்திற்கு அழைத்துச் சென்று காட்டினார். அக்காட்சியை அவர் என்றும் மறந்திலர்.

டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பயிலுங்கால், மேசுட்லின் என்னும் ஆசிரியர்வழி, உலகம் ஞாயிற்றைச் சுற்றுகிறது என்னும் கோப்பர்நிக்கசின் கொள்கையைக் கற்றார். உலகம் சுழலுமாயின் நாம் அதனை உணராதது ஏன் என்று அந்நாளில் பலர் மறுத்தனர். விடைகாணக் கெப்ளர் தம் மனத்தைத் திங்களுக்கு ஏற்றினார். திங்கள் ஓயாது இயங்குவது. எனினும் அங்கு வாழ்வார் இருப்பின், தம் நிலம் அசையாதது என்றும், நம் உலகே சுழல்வது என்றும் கருதுவர் அன்றோ? அங்ஙனமே நாமும் மயங்குகிறோம் என்பது அவர் வாதம். 1593இல் இதனைக் கட்டுரையாக எழுதினார். சொற்போருக்குப் பொறுப்பாயிருந்த பேராசிரியர் அதனை அரங்கேற்ற இசைந்திலர்.

பின்னர்க் கிராட்சு நகரில் ஆசிரியரானார். சமயப் பூசலால் அந்நகரை நீங்கிப் பிராகா நகரடைந்து, தைக்கோ பிராகியிடம் பணிபுரிந்தார். கோள்கள் நீள்வட்டத்தில் இயங்கும் உண்மையை 1609இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பழைய கட்டுரையை நினைந்து, 'கனவு' என்னும் கதைநூலை எழுதலானார். ஐசுலாந்து நாட்டு இளைஞன் ஒருவனுக்கு ஆவி ஒன்று திங்களின் இயல்பை உரைப்பதாகக் கதை அமைந்தது. அவ்விளைஞனின் தாய் பச்சிலை விற்பவள்; ஆவிகளோடு பேசுபவள்.

கதை கற்பனை, அதனுட் பொதிந்த கணிதம் உண்மை. திங்கள் தன்னைத்தான் ஒருமுறை சுற்றும் காலமும், உலகை ஒருமுறை சுற்றும் காலமும் ஒன்றே. ஆதலின் நாம் அதன் ஒரு முகத்தையே காண்கிறோம். அங்கு ஒரு விடியலுக்கும் அடுத்த விடியலுக்கும் இடையே நம் நாட்கள் இருபத்தொன்பதரை கழியும். பகல் ஏறத்தாழப் பதினைந்து நாள், இரவும் அத்துணையே. திங்கள் என்னும் ஒரு சொல் மதியையும் மாதத்தையும் குறிப்பது தமிழ் வழக்கு. மதியிலோ ஒரு மாதமே ஒரு நாள்! நீண்ட பகலில் கடுவெப்பமும் நீண்ட இரவில் கொடுங்குளிரும் நிலவும் என்பதனையும் கெப்ளர் உய்த்துணர்ந்தார். அங்கு உயிர்கள் வாழும் என்று அவர் எண்ணியது மட்டும் பிழையாயிற்று.

நம்மை நோக்கிய முகத்தில் நிற்பார்க்கு உலகம் எழுவதும் இல்லை, மறைவதும் இல்லை. ஓரிடத்திலேயே தொங்கி, மதிபோல் வளர்ந்தும் தேய்ந்தும் காட்சியளிக்கும். மறுமுகத்தில் நிற்பார் அதனைக் காணவே இயலாது. நமக்கு ஞாயிறும் திங்களும் ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரைப்பாகை அளவினவாகத் தோன்றுகின்றன. ஞாயிற்றின் விட்டம் திங்களைப்போல் 400 மடங்கு. தொலைவும் ஏறத்தாழ 400 மடங்கு. ஆகவே தோற்றம் ஒத்தது. திங்களில் நிற்பார்க்கும் ஞாயிறு அவ்வளவினதே. உலகமோ திங்களினும் விட்டத்தில் நான்கு மடங்கிற்குச் சற்றே குறைந்தது; ஆதலின் நாம் காணும் மதியினும் அத்துணை மடங்கு அகன்று, ஏறத்தாழ இரண்டு பாகை அளவினதாய்த் தோன்றும்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் நம் நாட்டின் சந்திரயான்-3 திங்களில் இறங்கியது, அவ்விடத்தில் பொழுது புலர்ந்த வேளையில். ஞாயிற்றொளியால் இயங்கிய அதற்கு ஒரு திங்கட்பகலே பணிக்காலம். பின்வந்த நீள்இரவு கழிந்தும் அது விழித்திலது.

கெப்ளரின் நூல் கைப்படியாகப் பலரிடம் சென்றது. 1615இல், அயலாள் ஒருத்தி, கதரீனா தந்த பானத்தால் நோயுற்றதாகக் கூறிச் சூனியக்காரி என்று பழி சுமத்தினாள். பகையே இதற்கு வேர் என்பர் ஆராய்ச்சியாளர். கெப்ளரோ, தம் கதையில் வரும் தாயும் அப்பழிக்குத் துணைநின்றாள் என்று எண்ணி நைந்தார். 1620இல், எழுபது வயதைக் கடந்த அம்மூதாட்டி சிறையில் விலங்கிடப்பட்டார். கெப்ளர் தம் ஆராய்ச்சியை நிறுத்தி, லின்சு நகரினின்று சென்று, அன்னைக்காக நீண்ட எதிருரை வரைந்து வழக்காடினார். வதைக்கருவிகளைக் காட்டி அச்சுறுத்தியபோதும் அம்மூதாட்டி செய்யாத குற்றத்தை ஒப்பவில்லை. பதினான்கு மாதச் சிறைக்குப்பின் 1621இல் விடுதலை பெற்றார்; அடுத்த ஆண்டே உயிர்நீத்தார்.

அதன்பின் கெப்ளர் கதைக்கு 223 குறிப்புகள் எழுதி, தாம் கூறியன ஆவியின் மாயம் அல்ல, கணக்கின் முடிவே என்று விளக்கினார். நூல் அச்சேறி முடியுமுன், 1630 நவம்பர் 15ஆம் நாள் ரேகன்சுபர்க்கு நகரில் காலமானார். பணியை மேற்கொண்ட மருகரும் இறந்தார். 1634ஆம் ஆண்டில் மகன் லுட்விக்கு அந்நூலை வெளியிட்டார். அதற்குள் கெப்ளரை அடக்கம் செய்த இடம் போரில் அழிந்துவிட்டது.