உப்பை மறவாத மேதை

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் முன்னோர் வாக்கு. உணவுக்காகச் சொன்ன அந்த வாக்கு மருத்துவக் கருவிக்கும் பொருந்தும் என்பதை நான் ஒரு மருத்துவமனைக் கட்டிலருகே நின்றபோது உணர்ந்தேன்.

குளத்தூரில் எங்கள் களத்தில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்த என் தாத்தாவுக்குத் திடீரென்று நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். கை கால்களில் கவ்விகளை மாட்டி, மார்பில் ரப்பர்க் குமிழ்களைப் பதித்து இ.சி.ஜி. எடுத்தார்கள். தாளில் வந்த கோடு கருவேல முள்ளைக் கொட்டிவைத்தது போல் இருந்தது. மறுபடியும் எடுத்தார்கள், மறுபடியும் முள்தான். அப்போது மூத்த செவிலியர் ஒருவர் வந்தார். தாத்தாவின் உடம்பில் படிந்திருந்த கரிசல் புழுதியை ஈரத் துணியால் தேய்த்துத் துடைத்தார். கவ்வி படும் இடங்களில் ஜெல்லியைத் தடவினார். கைகளைத் தளர விடும்படி தாத்தாவிடம் சொன்னார். கோடு தெளிந்தது, மாரடைப்பு என்பதும் தெரிந்தது. உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தாத்தா பிழைத்தார்.

இயற்பியல் மாணவனாகிய எனக்கு அன்று ஓர் ஐயம் எழுந்தது. விரல் நுனி அளவு ஜெல்லிக்கு இத்தனை வல்லமை எப்படி வந்தது? அதற்கு விடை தேடியபோது அறிமுகமானவர்தான் வில்லெம் ஐந்தோவன்.

சாவகத்தில் பிறந்தவர்

மணிமேகலைக் காப்பியம் சாவகம் என்று குறிப்பிடும் ஜாவாத் தீவில், செமராங் என்னும் நகரில், 1860-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் ஐந்தோவன் பிறந்தார். தந்தை டச்சு மருத்துவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே அவர் மறைந்தார். ஆறு பிள்ளைகளுடன் தனித்து நின்ற தாய், 1870-இல் கடல் கடந்து ஹாலந்து நாட்டின் உட்ரெக்ட் நகரில் குடியேறினார்.

அங்கே ஐந்தோவன் மருத்துவம் பயின்றார். உடற்பயிற்சியில் பேரார்வம் கொண்ட அவர் ஒருமுறை மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வேறொருவராக இருந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். இவரோ முன்கை எவ்வாறு திரும்புகிறது என்று ஆராய்ந்து கட்டுரை எழுதினார்! தம் 25-ஆம் வயதிலேயே லெய்டன் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்.

குவார்ட்ஸ் இழை

இதயம் துடிக்கும்போது உடலில் மின்சாரம் பிறக்கிறது என்பது அப்போதே தெரிந்த செய்தி. 1887-இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவர் மனித இதயத்தின் மின்துடிப்பை முதன்முதலில் பதிவு செய்தார். தம் வளர்ப்பு நாய் ஜிம்மியின் கால்களை உப்பு நீரில் வைத்து அதன் இதயத் துடிப்பையும் அவையோருக்குக் காட்டினார். ஆயினும் அவர் கையாண்ட பாதரசக் கருவி மந்தமானது. துடிப்பின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை.

1889-இல் பாசல் நகரில் நடந்த உடலியலார் மாநாட்டில் வாலரின் செயல்விளக்கத்தை ஐந்தோவன் கண்டார். அன்று பற்றிய ஆர்வம் அவரைவிட்டு நீங்கவில்லை. முதலில் கணக்கால் திருத்திப் பார்த்தார். கோட்டின் மேடு பள்ளங்களுக்குப் பி, கியூ, ஆர், எஸ், டி என்று பெயரிட்டார். உலகமெங்கும் மருத்துவர்கள் இன்றும் அப்பெயர்களையே சொல்கிறார்கள். பிறகு புதுக் கருவியே செய்தார். வெள்ளி பூசிய மிக மெல்லிய குவார்ட்ஸ் இழையை வலிய மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு இடையே கட்டினார். இதயத்தின் மின்னோட்டம் பாயும்போது இழை அசையும். அதன் நிழல் நகரும் புகைப்படத் தகட்டில் பதியும். 1901-இல் இதைப் பற்றி எழுதினார். கருவியின் எடை ஏறக்குறைய 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். மின்காந்தம் சூடேறாமல் இருக்கத் தண்ணீர் ஓட வேண்டும்.

வாளியில் கையும் காலும்

என் ஐயத்திற்கு விடை இங்கேதான் கிடைத்தது. தோலின் மேற்பரப்பில் இதயத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட்தான். தோலின் மேலடுக்கோ உயிரற்றது, உலர்ந்தது. மின்சாரத்துக்கு மதில் போன்றது. ஐந்தோவனின் இழை அசைய மின்னோட்டம் வேண்டும். ஆகவே அவர் இரு கைகளையும் இடக்காலையும் உப்புக் கரைசல் நிரம்பிய கலங்களில் அமிழ்த்தினார். பரப்பு பெரிதானது, தோல் நனைந்தது, மதிலில் வாசல் திறந்தது. உடலுக்குள் மின்சாரத்தைச் சுமப்பவை உப்பின் அயனிகள். கம்பிக்குள் சுமப்பவை எலெக்ட்ரான்கள். சுமை கைமாறும் துறைதான் மின்வாய். அத்துறை பழுதானால் அக்கரையில் எத்தனை பெரிய கருவி இருந்தும் பயனில்லை.

நோயாளியை ஆய்வகத்துக்குக் கொண்டுவர இயலாதபோது, 1905-இல் மருத்துவமனையிலிருந்து 1.5 கிலோமீட்டர் தொலைபேசிக் கம்பி வழியே இதயத் துடிப்பைத் தம் கருவிக்கு வரவழைத்தார். கைகள் இரண்டையும் இடக்காலையும் மூன்று முனைகளாகக் கொண்டு அவர் 1912-இல் வகுத்த முக்கோணம் மருத்துவ நூல்களில் அவர் பெயரால் வழங்குகிறது.

அந்த வாளிகள் பின்னர் உலோகத் தகடுகளாயின. இன்று மார்பில் ஒட்டும் சிறு வில்லைகளாகிவிட்டன. வில்லைக்குள் இருக்கும் உப்புப் பசையே ஐந்தோவனின் வாளி. வெறும் உலோகம் உப்பு ஈரத்தைத் தொட்டால் தானே ஒரு சிறு மின்கலமாகி, உடல் அசையும்போதெல்லாம் கோட்டைக் குலைக்கும். வெள்ளிமேல் வெள்ளிக் குளோரைடு படிந்த மின்வாயில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. எனவேதான் அதைத் தேர்கிறார்கள். உறை பிரித்து நாளான வில்லையைப் பயன்படுத்தலாகாது. நம் கரிசல் காட்டு வெயிலில் பசை உலர்ந்துவிடும். எண்ணெயும் புழுதியும் போகத் துடைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்து, அடர்ந்த முடியிருந்தால் நீக்கி, தசை திரண்ட இடத்தைத் தவிர்த்து ஒட்ட வேண்டும். இடக்கை, வலக்கைக் கம்பிகளை மாற்றிவிட்டால் கோடு தலைகீழாகி மருத்துவரையே ஏமாற்றும்.

பரிசும் பங்கும்

1924-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஐந்தோவனுக்குக் கிடைத்தது. அப்போது அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். அவர் வரலாற்றை எழுதியோர் ஒரு நிகழ்ச்சியைக் கூறுவர். கருவியை உருவாக்கத் தமக்குத் துணை நின்ற வான் டெர் வூர்ட் என்னும் உதவியாளரை அவர் தேடினாராம். உதவியாளர் இறந்துவிட்டார், அவருடைய சகோதரிகள் இருவர் வறுமையில் வாடினர். பரிசுப் பணத்தில் பாதியை அவர்களுக்கு அளித்தார் ஐந்தோவன். 1927-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் அவர் காலமானார்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதும் நம் முன்னோர் வாக்குத்தான். நம் ஆய்வகத்தில் ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் இணைப்புக் கம்பிகளின் முனைகளை உப்புத்தாளால் தேய்த்துத் தரும் உதவியாளரை நான் முன்பெல்லாம் நிமிர்ந்து பார்த்ததில்லை. கோடு தெளிந்த அந்த நாளுக்குப் பின், அவர் தேய்த்துத் தரும்வரை காத்திராமல் நானே தேய்க்கக் கற்றுக்கொண்டேன். அவருக்கு வணக்கம் சொல்லவும் கற்றுக்கொண்டேன்.