செய்தி சுமந்த குதிரை வீரர் கோவிந்த் சிங்

போர்க்கள வீரம் என்றதும் எதிரியை வீழ்த்திய வாளே நம் நினைவுக்கு வருகின்றது. செய்தியொன்றை உரிய இடத்தில் கொண்டு சேர்த்தமைக்காக உயரிய விருது பெற்ற ஒருவரின் வரலாற்றை இங்கே வாசகர்களுக்குத் தருகின்றோம்.

கோவிந்த் சிங் 1887ஆம் ஆண்டு, ராஜஸ்தானின் நாகௌர் பகுதியிலுள்ள தமோய் என்னும் சிற்றூரில் பிறந்தார். அந்நாளில் அது ஜோத்பூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 28ஆம் இலகு குதிரைப்படையைச் சேர்ந்த அவர், முதல் உலகப் போரில் 2ஆம் லான்சர்ஸ் படைப்பிரிவுடன் இணைந்து பிரான்சில் பணியாற்றினார். அப்போது அவர் வகித்தது லான்ஸ் தஃபேதார் என்னும் கீழ்நிலைப் பொறுப்பேயாகும்.

1917 நவம்பர் 20 அன்று காம்ப்ரே நகரருகே பிரிட்டிஷ் படைகள் நூற்றுக்கணக்கான டாங்கிகளுடன் தாக்கின. பத்து நாட்களில் ஜெர்மானியர் திருப்பித் தாக்கினர். டிசம்பர் 1 அன்று அவர்களைத் தடுக்க 2ஆம் லான்சர்ஸ் களத்தில் ஏவப்பட்டது. இயந்திரத் துப்பாக்கிகளின் முன் குதிரைகளை அனுப்பிய முடிவின் விளைவை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம். படைப்பிரிவின் தளபதி கொல்லப்பட்டார். முன்னேறிச் சென்ற வீரர்கள் பின்புறத் தொடர்பின்றிச் சிக்கிக் கொண்டனர்.

அவர்களது நிலைமையைப் பின்னாலிருந்த பிரிகேட் தலைமையகத்திற்கு யாரேனும் அறிவித்தாக வேண்டும். இடைத்தூரம் ஏறத்தாழ ஒன்றரை மைல். மறைவிடமற்ற வெட்டவெளி, எதிரியின் குண்டுகளோ ஓயவில்லை. கோவிந்த் சிங் தாமே முன்வந்தார். வழியில் குதிரை சுடப்பட்டு வீழ்ந்தது. எஞ்சிய தூரத்தைக் கால்நடையாகவே கடந்து செய்தியைச் சேர்த்தார். மீண்டும் ஒரு செய்தி. மீண்டும் அவரே முன்வந்தார். அக்குதிரையும் வீழ்ந்தது. மூன்றாம் முறையும் அவ்வாறே நிகழ்ந்தது. மூன்று செய்திகளும் தவறாமல் போய்ச் சேர்ந்தன. முதல் முறை புறப்பட்டவர் அபாயத்தின் அளவை அறியாமலும் சென்றிருக்கலாம். மூன்றாம் முறை அப்படிச் சொல்ல இயலாது என்றே நாம் கருதுகின்றோம்.

விக்டோரியா சிலுவை விருதைப் பெறும் தகுதி இந்திய வீரர்களுக்கு 1911ஆம் ஆண்டில்தான் வழங்கப்பட்டிருந்தது. அவ்வகையில் முதலாவதாக அதனை வென்றவர், 1914ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் இயந்திரத் துப்பாக்கியுடன் போரிட்ட குதாதாத் கான். கோவிந்த் சிங்கிற்கு 1918 பிப்ரவரியில் லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அதனை அணிவித்தார்.

பின்னர் ஜமேதாராக உயர்ந்த அவர் 1942ஆம் ஆண்டு காலமானார். அவர் விருது பெற்ற அதே லண்டனில், 2002ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நினைவு வாயிலின் மண்டபத்தில் குதாதாத் கானின் பெயரும் கோவிந்த் சிங்கின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன.